பக்கத்து மேசைக்காரரின் கட்சி



வேலையிடத்தில் ஒருவருடைய அரசியல் கருத்துக்கு என்ன மதிப்புக் கிடைக்கிறது என்று பேசும்படி, என்னைச் சிம்பாங் ரெங்கத்துக்கு அழைத்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். இதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மரபில் பற்றுள்ளவர், சமயத்தை வாழ்க்கையின் நடுவில் வைத்திருப்பவர், நெடுங்காலமாக ஒரே கட்சிக்கு வாக்களித்து வருபவர் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் பட்டறையிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது, அதை ஏன் நாம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு. நான் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவன், இடதுசாரி எண்ணம் கொண்டவன். நான் இன்று யாருக்காக வாதாடப்போகிறேனோ அவர்களில் பெரும்பாலோர் எனக்கு வாக்களிக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே பேசுகிறேன்.

யார் இந்த மரபுப் பற்றாளர்? நம்முடைய சூழலில் அவர் பல வடிவில் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கிளை மூலம் பிள்ளைக்கு உதவிநிதி பெற்று, அந்த நன்றியை மறக்காமல் இருக்கும் அண்ணன் ஒருவர். மதமாற்ற வழக்குகளைப் படித்து, தன் குடும்பத்துக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சிப் பேசும் அக்கா ஒருவர். ஷரியா சட்டம் இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்று நம்பும் மலாய் நண்பர் ஒருவர். இந்த மூவருக்கும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். முதலாமவர், ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் பெயரால், ‘சாமிவேலு ஆளு’. இரண்டாமவர் ‘மதவெறி பிடித்தவர்’. மூன்றாமவர் ‘தாலிபான்’. அவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று கேட்பதற்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது. பெயர் வந்தபிறகு கேட்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது.

அந்த அக்காவின் அச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் பிள்ளைகளை, பிரிந்துபோன கணவர் 2009ஆம் ஆண்டில் தாயின் சம்மதமில்லாமல் மதம் மாற்றினார். அந்த மாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2018 ஜனவரி ஆகிவிட்டது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். அந்தச் செய்திகளைப் படித்த ஒரு தாய் அதைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் கவலையோடு பேசினால், அவர் வெறுப்பைப் பரப்புகிறார் என்று எடுத்துக்கொள்வதா, அச்சத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதா? சில வேளைகளில் இரண்டும் கலந்திருக்கலாம். பிரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

முத்திரை எவ்வளவு விரைவில் பொருளிழக்கும் என்பதற்கு வேறெங்கும் போகவேண்டாம், இந்தத் தொகுதியே போதும். சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்றத் தொகுதியில் 2008இலும் 2013இலும் வென்றவர் தேசிய முன்னணியில் (பாரிசான்) இருந்த கெராக்கான் கட்சியின் லியாங் தெக் மெங். 2018இல் பெர்சத்துக் கட்சியின் மஸ்லி மாலிக் வென்றார். 2022 நவம்பர் 19ஆம் நாள் அதே மஸ்லி, இம்முறை பக்காத்தான் கூட்டணியின் கெஅடிலான் வேட்பாளராக நின்று, தேசிய முன்னணியில் உள்ள அம்னோவின் ஹஸ்னி முகமட்டிடம் தோற்றார். அந்தப் பிரசார வாரங்களில் இங்கே எத்தனை நட்புகள் முறிந்தன என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பக்காத்தான் பிள்ளைகள் ‘பாரிசான் ஆளோடு’ ஒரே மேசையில் பசியாற மறுத்தார்கள். வாக்களிப்பு முடிந்த ஐந்தாம் நாள், நவம்பர் 24, பக்காத்தான் தலைவர் அன்வார் இப்ராகிம் பிரதமரானார். அவருக்குத் தோள்கொடுத்தது தேசிய முன்னணி. இந்தத் தொகுதியில் ஒருவரையொருவர் எதிர்த்துப் போட்டியிட்ட இரண்டு கூட்டணிகளும் கோலாலம்பூரில் ஒரே அரசாங்கமாயின.

தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். பட்டறையில் பட்டப்பெயர் வாங்கிய அண்ணனிடம் யார் போய் மன்னிப்புக் கேட்டது? புலன (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து நீக்கப்பட்டவரை யார் திரும்பச் சேர்த்தது? கட்சிகள் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ள ஐந்து நாள் போதுமானதாக இருந்தது. நம்மிடையே உள்ள பிளவு இன்றும் அப்படியே கிடக்கிறது.

மஸ்லி மாலிக் பெயரைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அவர் இஸ்லாமியப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். கல்வி அமைச்சரானதும் அவரைச் சமயத் தீவிரவாதி என்று நம்மில் பலர் முடிவுகட்டினோம். 2019இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் அரபு வடிவ ஜாவி எழுத்துக்கலை சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளிலும் சீனப்பள்ளிகளிலும் எழுந்த எதிர்ப்பு நியாயமானது, அந்த எதிர்ப்பை நானும் ஆதரித்தேன். ஆனால் அதே அமைச்சரின் காலத்தில்தான், 2018 டிசம்பரில், பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு திருத்தப்பட்டு, வளாகத்துக்குள் மாணவர்கள் அரசியலில் ஈடுபடுவதற்கு இருந்த தடை நீங்கியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. மாணவர் அரசியலை அடக்கிய அந்தத் தடையை நீக்கும்படி எத்தனையோ முற்போக்காளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீக்கியவர் நாம் ‘பழமைவாதி’ என்று ஒதுக்கிய மனிதர். ஒரு மனிதரை ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், அவர் செய்த தவற்றை மட்டும் பார்க்கத் தெரியும், செய்த நன்மையைப் பார்க்கத் தெரியாது. ஜாவி விவகாரத்தில் எதிர்ப்பும் வளாக விடுதலைக்கு நன்றியும் ஒரே வாயால் சொல்லப்பட்டிருக்கவேண்டும்.

இனி, நம் பக்கத்தின் வரலாறு. நான் ஏன் எதிர்க்கருத்துக்காரருக்காகப் பேசுகிறேன் என்பதற்கு அதுதான் காரணம்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட ஒருவரைத் துரை ‘கம்யூனிஸ்ட்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், லயத்தைக் காலிசெய்யவேண்டியதுதான். அவர் மார்க்சைப் படித்தவரா, அரிசி விலை ஏறியதால் கேட்டவரா என்று யாரும் விசாரிக்கவில்லை. பால்மரக் காட்டில் உழைத்த நம் பாட்டன்மார் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்கு அஞ்சியே வாயை மூடிக்கொண்டார்கள்!

அதற்குப் பின்பு 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி.பி. நாராயணன் மிதவாதி. பேச்சுவார்த்தையில் நம்பிக்கை வைத்தவர். இடதுசாரிகள் பலர் அவரைத் துரைமார் பக்கம் சாய்ந்தவர் என்றே பார்த்தார்கள். அவருடைய வழிமுறையில் எனக்கு இன்றும் மாறுபாடு உண்டு. ஆனால் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்த அந்த மனிதரையும், அவரை நம்பிச் சந்தா கட்டிய ஆயிரக்கணக்கான தோட்டத்து மக்களையும் ‘கைக்கூலிகள்’ என்று ஒதுக்கியது நியாயமில்லை. துரை நமக்குச் செய்ததை நாம் நம்முடைய மிதவாதிகளுக்குச் செய்தோம்.

இந்த ஊரின் பெயரை நாட்டின் மற்ற பகுதிகளில் சொன்னால் இன்னும் சிலருக்கு நினைவுக்கு வருவது இங்குள்ள தடுப்பு முகாம்தான். ஊர்க்காரர்களுக்கு அது வருத்தம் தரும், எனக்குத் தெரியும். அன்னாசிக்கும் செம்பனைக்கும் உழைக்கும் மக்களின் ஊர் இது. ஆனாலும் அந்த முகாமைப் பற்றிச் சொல்லாமல் இங்கே முத்திரையைப் பற்றிப் பேசமுடியாது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டத்தின் கீழ், ஒருவரைப் போலீஸ் 60 நாள் பிடித்துவைக்க முடிந்தது. பிறகு உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டுவரை, வழக்கு விசாரணை இல்லாமலேயே, இங்கே அனுப்ப முடிந்தது. அந்த ஆணையைப் புதுப்பிக்கவும் முடிந்தது. சந்தேகமே தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது. இங்கே வந்தவர்களில் தமிழ் இளைஞர்கள் எத்தனையோ பேர். 2011 ஜூன், ஜூலையில் அதே சட்டம் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் உட்பட மலேசிய சோசலிசக் கட்சியினர் அறுவர் மீது பாய்ந்தது. ‘கம்யூனிசத்துக்கு உயிரூட்டுகிறார்கள்’ என்று சொன்னார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி நாடு முழுதும் மெழுகுவத்தி ஏந்தினோம். அந்த ஆண்டே அவசரகாலப் பிரகடனங்களை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது.

2019 அக்டோபரில் இன்னொரு முத்திரை. விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு தமிழர்கள் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். அவர்களில் சாதாரண வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்கைக் கைவிட்டார். கைப்பேசியில் ஒரு தலைவரின் படம் இருப்பதை வைத்து ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடமுடியாது என்பது அவருடைய நிலை. அன்று நாம் அனைவரும் அதை வரவேற்றோம். அதே அளவுகோலை, முழுநிலாக் கொடியின் படத்தைப் புலனத்தில் முகப்பாக வைத்திருக்கும் பாஸ் இஸ்லாமியக் கட்சிக்காரருக்கும் காவித்துண்டு அணியும் நம்மவருக்கும் வைக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்தியாவில் ஒரு வழக்கு நடந்தது. இதைப்போல் என்னை யோசிக்கவைத்த வழக்கு வேறில்லை. மத்தியப் பிரதேசத்தில் ராமசங்கர் ரகுவன்சி என்ற ஆசிரியர் நகராட்சிப் பள்ளியில் பணியாற்றினார். பள்ளியை அரசு எடுத்துக்கொண்டபின் 1972இல் அரசுப் பணிக்கு வந்தார். 1974இல் பணிநீக்கம். அவர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர் என்று போலீஸ் அறிக்கை தந்தது, அதுதான் காரணம். பாடம் சரியாக நடத்தவில்லை என்றோ, பிள்ளைகளிடம் தவறாக நடந்தார் என்றோ ஒரு புகாரும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. இடதுசாரிச் சிந்தனைக்காக அறியப்பட்ட நீதிபதி அவர். ஆர்.எஸ்.எஸ். கொள்கையோடு அவருக்கு எந்த உடன்பாடும் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்த ஆசிரியரின் பக்கம் நின்றார். வேலைக்கு வருகிறவரின் அரசியல் நம்பிக்கையைப் போலீஸ் மூலம் துருவுவதே அடிப்படை உரிமைகளின் வேரை அறுப்பது என்றும், அமெரிக்காவில் மெக்கார்த்தி காலத்தில் நடந்த வேட்டையின் வாடை இதில் வீசுகிறது என்றும் எழுதினார்.

அந்தத் தீர்ப்புக்கு முன்பு, 1950களின் இறுதியில், கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர்களின் பணிநீக்கத்தை இதே உச்ச நீதிமன்றம் சரி என்று சொல்லியிருந்தது. சிவப்புக்கொடித் தொழிலாளிக்குக் கிடைக்காத நியாயம், கால் நூற்றாண்டு கழித்துக் காவிக்கொடி ஆசிரியருக்குக் கிடைத்தது, கொடுத்தவரோ இடதுசாரி நீதிபதி. அவர் பழைய கணக்கைத் தீர்க்க நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆசிரியருக்கு வேலை போயிருக்கும், அடுத்த தொழிலாளிக்கும் போயிருக்கும். ஆனால் இந்திய அரசு மாற நெடுங்காலம் பிடித்தது. மத்திய அரசு ஊழியர்கள் ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி நடவடிக்கைகளில் பங்கெடுக்கக் கூடாது என்று 1966 நவம்பரில் போடப்பட்ட உத்தரவிலிருந்து ஆர்.எஸ்.எஸ். பெயர் 2024 ஜூலையில்தான் எடுக்கப்பட்டது. அப்போது நடந்த சண்டையில் இரு தரப்பும் ஆர்.எஸ்.எஸ். நல்லதா கெட்டதா என்றே வாதிட்டன. ஓர் ஊழியர் ஓய்வு நேரத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்பது அவருடைய மேலதிகாரிக்கு எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் நடந்தது இன்னும் கடினமான வழக்கு. ஆர்தர் ரெட்பேர்ன் என்பவர் உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உள்ளவர்களை ஏற்றிச்செல்லும் வண்டியின் ஓட்டுநர். பயணிகளில் பெரும்பாலோர் ஆசியர்கள். 2004இல் அவர் பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் வேட்பாளர் என்று உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது. வெள்ளையரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்த கட்சி அது. நம்மைப் போன்றவர்களை வெளியேற்றவேண்டும் என்ற கட்சி. தொழிற்சங்கங்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதின. ஜூனில் அவர் நகர மன்றத்துக்குத் தேர்வானார், அதே மாதக் கடைசியில் நிறுவனம் அவரை உடனடியாக நீக்கியது. அவர் மீது பயணி ஒருவர்கூடப் புகார் செய்ததில்லை. அவரை முதல்தர ஊழியர் விருதுக்குப் பரிந்துரைத்திருந்தவர் அவருடைய மேற்பார்வையாளர், ஓர் ஆசியர்.

அந்த மேற்பார்வையாளரைப் பற்றி நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். தன் இனத்தையே வேண்டாம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்த மனிதரின் ஓட்டுதலை, பொறுமையை, நேரம் தவறாமையைப் பார்த்து அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார். ஓராண்டு பணி நிறைவு பெறாததால் அநியாயப் பணிநீக்கம் என்று வழக்குத் தொடுக்க ரெட்பேர்னுக்கு அந்நாட்டுச் சட்டம் இடம்தரவில்லை. 2012 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்சி சரியென்று நீதிமன்றம் சொல்லவில்லை. அரசியல் சார்பினால் வேலை இழந்தவருக்கு முறையிட ஓர் இடமாவது இருக்கவேண்டும் என்றது. 2013இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தி, அரசியல் கருத்துக்காக நீக்கப்பட்டவர் பணிக்கால வரம்பில்லாமல் முறையிடலாம் என்று ஆக்கியது.

எல்லை எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் ஜேம்ஸ் டாமோர் என்ற பொறியாளரை நீக்கியது. பெண்கள் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இருப்பதற்கு இயற்கையான வேறுபாடுகளும் காரணம் என்று அலுவலகத்துக்குள்ளேயே ஒரு நீண்ட குறிப்பை அவர் சுற்றுக்கு விட்டிருந்தார். நிறுவனத்தில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை என்ற அவருடைய குறையையும், சக பெண் ஊழியர்களின் தகுதியைத் தொடும் அவருடைய கூற்றையும் அமெரிக்கத் தொழிலுறவு வாரியத்தின் வழக்கறிஞர் பிரித்துப் பார்த்தார். முதலாவது காக்கப்படவேண்டியது, இரண்டாவது அப்படியல்ல என்பது அவர் கருத்து. இந்தப் பிரிப்பு எனக்கு ஏற்புடையது. நம் ஊரில் சொல்வதானால், ‘தமிழ்ப்பெண் வேற்று இனத்தவரை மணக்கக்கூடாது’ என்பது ஒருவருடைய நம்பிக்கை. நான் அதைக் கடுமையாக மறுப்பேன், ஆனால் அவர் அதை வைத்திருக்கலாம், கேட்டால் சொல்லலாம். அப்படி மணந்துகொண்ட சக பெண் ஊழியரின் பெயரைச் சொல்லி இகழ்ந்தாலோ அந்தப் பெண்ணின் ஓவர்டைமைக் குறைத்தாலோ அது நடத்தை. அங்கே சங்கமும் நிர்வாகமும் தலையிடவேண்டும். நம்பிக்கையை விட்டுவிட்டு நடத்தையைப் பிடியுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமயம், இனம், மரபுவழி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பிரிவும் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸின் வழக்கு அது. அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, உயர் அதிகாரிகளுக்குக் கட்சி அரசியல் மறுக்கப்பட்டிருக்கிறது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டு 111ஆவது உடன்படிக்கை, வேலையில் பாகுபாட்டுக்கு எதிரான பட்டியலில் அரசியல் கருத்தையும் சேர்த்திருக்கிறது. இந்தியா அதை 1960இல் ஏற்றது, இலங்கை 1998இல் ஏற்றது.

ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது. வேலையில் பாகுபாடு என்று ஊழியர் முறையிட்டால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். எதெல்லாம் பாகுபாடு என்று அந்தப் பிரிவு பட்டியல் போடவில்லை. அதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. பட்டியல் இல்லாததால், கட்சிச் சார்புக்காக ஒதுக்கப்பட்டேன் என்று ஒருவர் துணிந்து முறையிட இடமிருக்கிறது. வேலையே போய்விட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் 60 நாளுக்குள் முறையிடவேண்டும். அந்த 60 நாளைத் தவறவிட்டு வந்து அழுதவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆனால் பெரும்பாலான காயம் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. ஒரு தொழிற்சாலையில் பொருள்கிடங்குப் பொறுப்பிலிருந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது: “ஐயா, நான் யாரையும் எதுவும் சொல்லல. எலெக்‌ஷன் அன்னைக்குத் பாரிசான் தராசுச் சின்னச் சட்டை போட்டிருந்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் புதுப் பிள்ளைங்க என்கிட்ட வேலை கத்துக்க வர்றதில்ல.” அவரிடம் இருபத்தைந்து ஆண்டுக் கால அனுபவம் இருந்தது. எந்த உதிரிபாகம் எந்த லாரியில் வந்தால் ஈரம் பட்டிருக்கும் என்று கணினி சொல்லாததை அவர் சொல்வார். அந்தப் பிள்ளைகள் இழந்தது அதைத்தான். அவரும் அதன்பிறகு கூட்டங்களில் பேசுவதை நிறுத்திவிட்டார், பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில்கூட. அங்கே அவர் பேசாமல் இருந்தால் ஆபத்து யாருக்கு என்று யோசியுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முதலாளி மரபுப் பற்றாளராக இருக்கும் கடைகளில், பக்காத்தான் பிள்ளை இதே மௌனத்தை அனுபவிக்கிறான். அவனுக்காகப் பேசப் பலர் இருக்கிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். இன்று குறைவாகப் பேசப்படுகிறவரின் முறை, அவ்வளவே.

தோழர்களே, குளுவாங் வட்டாரத் தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் கூட்டு ஒப்பந்தங்கள் குறைந்தது மூன்றாண்டுக் காலத்துக்குப் போடப்படுகின்றன. சம்பளம், விடுப்பு, மருத்துவம், போனஸ் என்று பல பக்கம் எழுதுகிறோம். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கப் பொறுப்பாளர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஊழியரின் அரசியல் கருத்தையோ கட்சி உறுப்பினர் நிலையையோ காரணமாக்கி வேலை, பதவி உயர்வு, ஓவர்டைம் எதிலும் அவருக்குக் குறைவு செய்யக்கூடாது என்ற ஒரு விதியை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அரசியலமைப்பு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். விதி எழுதி முடிந்ததும், அதன்கீழ் முதல் முறையீடு ம.இ.கா. அண்ணனிடமிருந்தோ பாஸ் கட்சிக்காரரிடமிருந்தோ வந்தால், மற்றவருக்குக் காட்டும் அதே முனைப்போடு அந்த வழக்கை நடத்துங்கள். வாதாட ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.